பெல்ட் யாருடையது?

"அதெல்லாம் செட்டப்பு சார்!"

ரெஸ்லிங் என்று நான் வாயெடுத்தாலே நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். பாங்க் உத்தியோகம். எதையும் வரவு செலவு பார்த்துத்தான் பேசுவார். சின்ன வயசில் அண்டர்டேக்கர் படம் போட்ட சீட்டுக்காகத் தம்பியின் மண்டையை உடைத்தவர்தான். வளர்ந்ததும் ஞானம் வந்துவிட்டது. "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுறாங்க. அப்புறம் அந்த பெல்ட்டுக்கு என்ன சார் மரியாதை? வெறும் தகரம்!"

நான் மறுக்கவில்லை. செட்டப்புதான். யார் இல்லை என்றார்கள்? அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போகப் போகிறான் என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். அதற்காக நாடகக் கொட்டகையில் எழுந்து நின்று, 'யோவ், நீ நிஜ ராஜா இல்லை' என்று யாரும் கத்துவதில்லை.

என் சண்டை வேறு. 'செட்டப்பு' என்ற இந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே, ரிங்குக்குள் விழுகிற மனிதர்களுக்குச் சேர வேண்டியதையெல்லாம் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்பது என் புகார். நடந்தது இங்கிலாந்தில். ஒரு சின்னக் கம்பெனியின் கதை வழியாகச் சொல்கிறேன். கம்பெனியின் பெயர் 'ப்ராக்ரஸ்'. பெயரிலேயே முன்னேற்றம்!

ஜிம் ஸ்மால்மேன் என்று ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடியன். மேடையில் தனியாக நின்று ஜோக் அடிக்கிறவர். அவரும் காமெடி நிகழ்ச்சிகளில் அவரோடு வேலை பார்த்த ஜான் பிரைலியும் சேர்ந்து, 2012 மார்ச்சில் லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் முதல் காட்சியைப் போட்டார்கள். இடம், 'தி கராஜ்' என்ற இசை அரங்கம். ராக் பாண்டுகள் கத்துகிற இடத்தில் ரிங்கைக் கட்டி, ரெஸ்லர்களைக் கத்தவிட்டார்கள். பிறகு காம்டனில் இருக்கும் எலெக்ட்ரிக் பால்ரூமுக்கு மாறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நூறு பேர், கையில் பீர், ரிங்கைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கூடுவார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் 'அத்தியாயம்' என்று எண் போட்டார்கள். அத்தியாயம் ஒன்று, அத்தியாயம் இரண்டு... வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்த நமக்கு இந்தத் தந்திரம் உடனே புரியும்.

அவர்கள் கொடுத்த பட்டங்கள் இன்னும் சுவாரஸ்யம். முதல் சாம்பியன் நேதன் க்ரூஸ். அவர் கையில் கொடுத்தது பெல்ட் இல்லை, ஒரு கோல். நம்ம ஊர் செங்கோல் மாதிரி! இரட்டையர் பட்டத்துக்கு, ஒரு கேடயத்தை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி. பெல்ட்டெல்லாம் பின்னால்தான் வந்தது. 2016-ல் 205 பவுண்டுக்கு மேல் எடையுள்ள கனத்த ஆசாமிகளுக்கு 'அட்லஸ்' பட்டம். 2017-ல் பெண்களுக்குத் தனிப் பட்டம்; முதல் சாம்பியன் டோனி ஸ்டார்ம். 2019-ல் 'ப்ரோட்டியஸ்' என்று ஒன்று. அதை வைத்திருப்பவர், எந்த விதிப்படி மோதுவது என்று தானே சொல்லலாம். அரசியல்வாதிகள் கேள்விப்பட்டால் உடனே அந்தப் பட்டத்துக்கு மனுப் போடுவார்கள்.

காட்சி ஆரம்பிக்கும் முன் ஸ்மால்மேன் மைக்கைப் பிடித்து ரசிகர்களுக்கு ஒரு விதி சொல்வார். அவர் சொன்ன ஆங்கில வார்த்தை அச்சில் போடக் கூசும். நாகரிகமாகச் சொன்னால், 'இங்கே யாரும் மட்டமா நடந்துக்கக் கூடாது'. பக்கத்தில் நிற்கிற பெண்ணையோ, கறுப்பரையோ, ஓரினச் சேர்க்கையாளரையோ கேவலமாகப் பேசுகிற வழக்கம் இங்கே செல்லாது என்று அர்த்தம். பழைய ரெஸ்லிங் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ரசிகர்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறேன்.

இப்போது நண்பரின் தகரத்துக்கு வருவோம்.

பிரிட்டனில் குத்துச்சண்டைக்கு 'லான்ஸ்டேல் பெல்ட்' என்று ஒன்று உண்டு. 1909-லிருந்து இருக்கிறது. குறிப்பிட்ட தடவை ஜெயித்துவிட்டால் அந்த பெல்ட் வீரனுக்கே சொந்தம். வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், கஷ்டம் வந்தால் விற்றும் தின்னலாம். அவன் ஜெயித்தது, அவனுடையது.

ரெஸ்லிங் பெல்ட் அப்படியில்லை. அது கம்பெனியின் சொத்து. 'புக்கர்' என்று ஒருவர் இருப்பார். கதை எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் தூக்க வேண்டும், எத்தனை மாதம், யாரிடம் பறிகொடுக்க வேண்டும் என்பது அவர் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. நாளைக்குக் கொடு என்றால் கொடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் அதற்கு மதிப்பே இல்லையா? இங்கேதான் நண்பர் கணக்கில் தப்பு செய்கிறார். ஒருவன் கையில் பெல்ட்டைக் கொடுக்கிறார்கள் என்றால், 'அடுத்த ஆறு மாசத்துக்கு இந்த அரங்கம் நிறைவது உன் பொறுப்பு' என்று அர்த்தம். கடைசி ஆட்டம் அவனுடையது. டிக்கெட் விற்பது அவன் முகம். சக ரெஸ்லர்களும் முதலாளியும் சேர்ந்து, 'இவன் தூக்குவான்' என்று நம்பி எடுக்கிற முடிவு. உங்கள் ஆபீஸில் பிரமோஷன் குஸ்தி போட்டா கொடுக்கிறார்கள்? யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்வதுதானே! அதை யாரும் 'செட்டப்பு' என்று சொல்வதில்லை. (சரி, சில ஆபீஸ்களில் சொல்வார்கள்.)

ப்ராக்ரஸில் 2013 நவம்பரிலிருந்து 2015 ஜூலை வரை பட்டம் ஒரே ஆளிடம் இருந்தது. 609 நாட்கள். ஆள் வில்லன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாராவது வருவார்கள், தோற்பார்கள். ஜனம் வயிறெரிந்து திட்டும். திட்டிக்கொண்டே அடுத்த டிக்கெட்டையும் வாங்கும். கடைசியில் வில் ஆஸ்ப்ரே என்ற 22 வயசு எஸ்ஸெக்ஸ் பையன் அந்தப் பட்டத்தைப் பிடுங்கினான். முடிவு முன்பே எழுதப்பட்டது என்று அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. இருபது மாதம் காத்திருந்து ஒரு கதையின் முடிவைப் பார்க்க வந்தவர்கள்.

கதைதான் பொய். விழுவது பொய் இல்லை.

ரிங் என்பது மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் சன்னமாக ஒரு ஃபோம், அதன்மேல் இறுக்கிக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். முதன்முதலில் கற்றுக்கொடுப்பது சண்டை போட அல்ல, விழ. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பின்மண்டை பலகையில் மோதும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். இரண்டு கையையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். இதற்கு 'பம்ப்' என்று பெயர். ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை இப்படி விழுகிறார்கள் என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். பிறகு அதை ஒரு வருஷத்தால், பத்து வருஷத்தால் பெருக்கிப் பாருங்கள். நண்பருக்குத்தான் கணக்கு நன்றாக வருமே!

இன்னொன்று. உங்களைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருக்கிற ஆள்தான் உங்கள் எதிரி. உங்கள் கழுத்து அவன் கையில். கதைப்படி அவன் உங்களைக் கொல்லப் பார்க்கிறான். நிஜத்தில் உங்களைக் காப்பாற்றுவது அவன் வேலை. சினிமா ஸ்டண்டில் கயிறு இருக்கிறது, அட்டைப்பெட்டி இருக்கிறது, இரண்டாவது டேக் இருக்கிறது. இங்கே எதுவும் கிடையாது.

இந்த ஆபத்து புதுசும் இல்லை. 1987 ஆகஸ்டில் கிரேட் யார்மவுத் என்ற கடற்கரை ஊரில் 'பிக் டாடி' என்ற பேருருவம் வழக்கம் போல எதிராளியின் மேல் வயிற்றோடு விழுந்தது. எதிராளி மால் கிர்க், எழுந்திருக்கவில்லை. இறந்துபோனார். அவருக்கு முன்பே இதய நோய் இருந்தது பிறகு தெரிந்தது. எல்லோரும் செட்டப்பு என்று சொன்ன சண்டைதான்.

சரி, இவர்களைப் பாதுகாக்க விதிகளே போடவில்லையா? போட்டார்கள். 1930-களில் 'ஆல்-இன்' என்ற பெயரில் நாற்காலி எடுத்து அடிக்கிற ஆட்டமாக இது போய், லண்டன் கவுன்டி கவுன்சில் தடையே போட்டது. பிறகு 1947-ல் மவுன்டெவன்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து விதிகள் எழுதியது. ஏழு எடைப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் சாம்பியன். பார்ப்பதற்கு ஒலிம்பிக்ஸ் மாதிரி கௌரவமாக இருந்தது. ஆனால் 1952-ல் பெரிய புரமோட்டர்கள் 'ஜாயின்ட் புரமோஷன்ஸ்' என்று கூட்டணி போட்டு, ஊர்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பிரபுவின் பெயர் தாங்கிய பட்டங்களும் அவர்கள் பாக்கெட்டுக்குள் போயின. விதி காப்பாற்றியது தொழிலின் மானத்தை. தொழிலாளியின் முதுகெலும்பைப் பற்றி அதில் யாருக்கும் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

1955-லிருந்து ஐடிவி சானலில் ரெஸ்லிங் வந்தது. சனிக்கிழமை நாலு மணி என்றால் பாட்டிமார்கள் டிவி முன்னால் உட்கார்ந்து பிக் டாடிக்காக ஆர்ப்பரிப்பார்கள். 1981-ல் வெம்ப்ளியில் பிக் டாடியும் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸும் மோதினார்கள். ஊரே திரண்டது. ஆட்டம் மூன்று நிமிஷம்கூட ஓடவில்லை! 1988 டிசம்பரில் ஐடிவி கடையை மூடியது. அதன் பிறகு கால் நூற்றாண்டு இருட்டு. விடுமுறை முகாம்கள், ஊர் மன்றங்கள், பாதி காலியான நாற்காலிகள். அந்த இருட்டிலிருந்துதான் ப்ராக்ரஸ் போன்ற சின்னக் கம்பெனிகள் எழுந்தன. அதனால்தான் ஜனம் அவற்றைக் கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். ஒளிக்கவில்லை.

கொண்டாட்டம் வாசலுக்கு யாரை அழைத்து வந்தது என்று பாருங்கள்.

2016 கடைசியில் ஐடிவி மறுபடி ரெஸ்லிங் பக்கம் திரும்பியது. டிசம்பர் 31-ம் தேதி ஒரு சிறப்பு நிகழ்ச்சி. இது நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்த நேரத்தில், அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பெனி லண்டனில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, 'உங்கள் நாட்டுக்கென்று ஒரு சாம்பியன் பட்டம் தருகிறோம்' என்று அறிவித்தது. அதற்கு முன் எத்தனை வருஷமாக பிரிட்டனில் காட்சி நடத்தி வசூல் செய்கிறவர்கள்! திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்?

2017 ஜனவரி 14, 15. பிளாக்பூல் நகரின் எம்ப்ரஸ் பால்ரூம். பதினாறு பேர் மோதினார்கள். இறுதியில் பீட் டன்னைத் தோற்கடித்து டைலர் பேட் முதல் சாம்பியன் ஆனான். வயது 19. கண்ணில் நீர் தளும்ப பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தான். அந்தப் பட்டியலில் இருந்த பலர் யார்? காம்டனில் நாம் பார்த்துக் கத்திய அதே பையன்கள்தான்! டன் அப்போது ப்ராக்ரஸின் சாம்பியன். அடுத்த மே மாதம் சிகாகோவில் டைலர் பேட்டை ஜெயித்து அமெரிக்கக் கம்பெனியின் பிரிட்டிஷ் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டார். ஒரு தோளில் ஏழை வீட்டு பெல்ட், இன்னொரு தோளில் பணக்கார வீட்டு பெல்ட். ப்ராக்ரஸ் ரசிகர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. 'எங்க பையன் சார்!'

கல்யாணத்துக்கு முன் சம்பந்தி வீட்டார் காட்டுகிற பிரியம் மாதிரித்தான் அது.

2018-ல் 'என்.எக்ஸ்.டி. யு.கே.' என்று பிரிட்டனுக்கான தனிக் கிளையைத் திறந்தார்கள். 2019 ஜனவரியில் வடக்கு லண்டன் என்ஃபீல்டில் பெரிய பயிற்சி நிலையம். மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாழ்நாளில் பார்க்காத பையன்களும் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போட்டவனுக்குத்தான் வாடகை கட்டும் கஷ்டம் தெரியும். ஆனால் ஒப்பந்தம் போட்டவர்கள் வேறு எங்கே ஆடலாம், எங்கே ஆடக்கூடாது என்பதை இப்போது அமெரிக்கா முடிவு செய்தது. ஊர் ஊராக ஆடி, சின்னச் சின்ன அரங்குகளை நிறைத்த முகங்கள் காணாமல் போயின. ப்ராக்ரஸுக்கு மட்டும் அமெரிக்கக் கம்பெனியோடு நல்லுறவு. அதனால் அதன் மேடை நிறைந்தது. மற்ற சின்னக் கம்பெனிகளின் மேடை காய்ந்தது.

2018 செப்டம்பர் 30-ம் தேதி ப்ராக்ரஸ் வெம்ப்ளி அரினாவுக்கே போய்விட்டது. 4,750 பேர்! அத்தியாயம் 76. பிக் டாடி மூன்று நிமிஷத்தில் முடித்த அதே கட்டடம். ஆறே வருஷத்தில் ஒரு ராக் அரங்கிலிருந்து அங்கே போய் நிற்பது சாதாரணமா? அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, இந்த உச்சம் யார் தோளில் நிற்கிறது என்று. 2019 கடைசியில் ஸ்மால்மேனே ப்ராக்ரஸை விட்டு விலகி, அமெரிக்கக் கம்பெனியின் பிரிட்டிஷ் கிளை வேலையோடு நின்றுகொண்டார்.

அந்தக் கிளைக்கு என்ன ஆயிற்று? 2022 ஆகஸ்டில் மூடுவதாக அறிவித்தார்கள். கூண்டோடு பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளாக்பூலில் பிறந்த அந்த பிரிட்டிஷ் பெல்ட்டுக்கு ஒரு இறுதிச் சடங்கும் நடந்தது. 2022 செப்டம்பர் 4. இடம் பிரிட்டன்கூட இல்லை. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ. கடைசி சாம்பியனும் டைலர் பேட்தான். 19 வயசில் வாங்கிய பெல்ட்டை 25 வயசில், ப்ரான் பிரேக்கர் என்ற அமெரிக்கரிடம் தோற்றான். இரண்டு பெல்ட்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது என்று மைக்கில் சொன்னார்கள். இணைப்பு! நம்ம ஊரில் பாங்க்குகளை இணைக்கும்போது எந்த போர்டு கழற்றப்படும் என்று என் நண்பருக்கு நன்றாகவே தெரியும்.

அமெரிக்கக் கம்பெனியைத் திட்டிவிட்டு, நம்ம காம்டன் பிள்ளைகள் உத்தமர்கள் என்று முடித்துவிட்டால் எழுதுவது சுலபம். ஆனால் 2020 ஜூன் என்று ஒரு மாதம் இருக்கிறதே!

அந்த மாதம் பிரிட்டிஷ் ரெஸ்லிங்கில் வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஆண்கள் சிலரும் பேசினார்கள். 'ஸ்பீக்கிங் அவுட்' என்று அந்த இயக்கத்துக்குப் பெயர் வந்தது. பயிற்சிக்கு வந்த இடத்தில் தொட்டது, வாய்ப்புக்கு விலை கேட்டது, சின்ன வயசுக்காரர்களிடம் அத்துமீறியது என்று குற்றச்சாட்டுகள் நாள்தோறும் வந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ப்ராக்ரஸ் மேடையில் ஏறியவர்களும் இருந்தார்கள். பட்டம் சூடியவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரசிகனுக்குப் படித்துக் காட்டிய விதி, திரைக்குப் பின்னால் யாருக்குப் படித்துக் காட்டப்பட்டது? நாற்காலியில் இருந்த நாங்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டோம், ஐயா. உடை மாற்றும் அறையில் என்ன நடக்கிறது என்று கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்கள் எங்கே போய்ப் புகார் சொல்வது? இங்கேதான் 'செட்டப்பு' என்ற வார்த்தையின் முழு விஷமும் தெரிந்தது. கால்பந்துக்கு ஒரு சங்கம் இருக்கிறது. குத்துச்சண்டைக்கு ஒரு வாரியம் இருக்கிறது. ரெஸ்லிங்குக்கு? விளையாட்டுத் துறையிடம் போனால், 'முடிவு முன்பே தெரிந்தது விளையாட்டு ஆகாதே' என்பார்கள். கலைத் துறையிடம் போனால், 'அடிதடிக்கு நாங்கள் என்ன செய்ய' என்பார்கள். விளையாட்டுக்கான மானியமும் இல்லை, நாடகத்துக்கான மானியமும் இல்லை. அது போகட்டும். பயிற்சிப் பள்ளி ஆரம்பிக்க லைசென்ஸ் வேண்டாம். பதினைந்து வயசுப் பிள்ளைக்குக் கழுத்துப் பிடி சொல்லித்தருகிறவரின் பின்னணியைப் பரிசோதிக்கும் கட்டாயம் இல்லை. தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு என்பதற்குப் பொது விதி இல்லை.

கரா நுவார் என்று ஒருவர். 2020-ல் ப்ராக்ரஸ் சாம்பியன் ஆனவர். கறுப்பு அன்னம் மாதிரி முகத்தில் மை தீட்டிக்கொண்டு, பாலே நடனக்காரரைப் போல அசைந்து அசைந்து ரிங்குக்கு வருவார். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். ரிங்கில் ஏறியதும் அந்த அன்னம் பலகையில் முதுகடிபட விழும். இவர் விளையாட்டு வீரரா, நடிகரா? கேள்வி சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் தெரியவில்லை என்று ஒரு அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அடிபட்டவன் எந்த வாசலில் போய் நிற்பான்?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதற்கென்று எல்லாக் கட்சி எம்.பி.க்களும் சேர்ந்த குழு ஒன்று விசாரித்து, 2021 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. நான் மேலே சொன்ன ஓட்டைகளையெல்லாம் அவர்களும் சொன்னார்கள். பயிற்சிப் பள்ளிகளை விளையாட்டாகவும், மேடைக் காட்சிகளைக் கலையாகவும் கருதலாமே என்றார்கள். எவ்வளவு எளிய யோசனை! ஒரே ஆளுக்குப் பகலில் ஒரு அடையாள அட்டை, ராத்திரியில் ஒன்று. ஆனால் அது சட்டம் இல்லை, யோசனை. புரமோட்டர் விரும்பினால் பின்பற்றலாம்.

விரும்பினால்! இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் எந்த முதலாளி எதை விரும்பியிருக்கிறார்?

"சின்னக் கம்பெனி சார், காசுக்கு எங்கே போவான்? இன்ஷூரன்ஸ், டாக்டர்னு போட்டா கடையை மூட வேண்டியதுதான்" என்று நண்பர் சொல்வார். எனக்குத் தெரியும். பாங்க்காரர் மனசு முதலாளி பக்கம்தான் சாயும். ஆனால் வெம்ப்ளியை வாடகைக்கு எடுக்கக் காசு இருந்ததே? புதுசு புதுசாகப் பட்டம் அறிவித்து பெல்ட் செய்யக் காசு இருந்ததே? ரிங்குக்குப் பக்கத்தில் தலையடி தெரிந்த ஒரு டாக்டரை உட்கார வைப்பது மட்டும் எப்படி ஆடம்பரம் ஆகிறது? அந்தச் செலவைத் தாங்க முடியாத கம்பெனி காட்சி நடத்த வேண்டாம். பட்டாசுத் தொழிற்சாலைக்காரர் 'தண்ணித் தொட்டி கட்டக் காசில்லை' என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

"யார் அவங்களை விழச் சொன்னது?" என்பது அடுத்த கேள்வி. நாம்தான் சொன்னோம். டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து, 'இன்னும், இன்னும்' என்று கத்தினோம்.

எனக்குத் தெரிந்து உருப்படியாக நடந்த ஒன்று, ஈக்விட்டி என்ற பிரிட்டிஷ் நடிகர் சங்கம் ரெஸ்லர்களையும் தன்னுடையவர்களாகச் சேர்த்துக்கொண்டது. ஷேக்ஸ்பியர் நடிக்கிறவரும் முதுகில் விழுகிறவரும் ஒரே சங்கம். சுயதொழில் செய்பவர் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கால் ஒடிந்தால் 'உன் பாடு' என்று சொல்லிவிடுகிற வழக்கத்தைத் தட்டிக்கேட்க ஒரு ஆளாவது கிடைத்தது. ஒவ்வொரு ரெஸ்லரும் அதில் சேர வேண்டும். சேராதவர்களைச் சேர்க்க வேண்டியது சாம்பியன்களின் வேலை. பெல்ட் இருக்கிறவன் குரலைத்தான் புரமோட்டர் கொஞ்சமாவது காது கொடுத்துக் கேட்பார். கடைசி ஆட்டம் அவனுடையது. அவன் 'டாக்டர் இல்லாமல் ஏற மாட்டேன்' என்று சொன்னால் அன்றைக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

ப்ராக்ரஸ் சாகவில்லை. உரிமையாளர்கள் மாறினார்கள். காம்டனில் மறுபடி அத்தியாயங்கள் ஓடின. புது முகங்கள், புது சாம்பியன்கள். புது உரிமையாளர்களுக்கு என் மனு ஒன்றுதான். அடுத்த பட்டம் அறிவிக்கும் முன், அதை வாங்கப் போகிறவரின் ஒப்பந்தத்தை வெளியே வையுங்கள். அடிபட்டால் எத்தனை வாரம் சம்பளம், யார் வைத்தியச் செலவு, யாரிடம் புகார் சொல்லலாம் என்று அதில் மூன்று வரி இருக்கிறதா பார்ப்போம்.

இதை எழுதி முடித்த அன்று நண்பர் வீட்டுக்கு வந்தார். அந்த 2015 ஜூலை ஆட்டத்தின் பதிவைப் போட்டேன். "செட்டப்பு" என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தார். காப்பி ஆறியது. பாதியில், பையன் முதுகு பலகையில் அறைகிற சத்தம் கேட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் சார், இவன் இப்ப விழுந்தானே... இதுக்கு எவ்வளவு கொடுத்திருப்பாங்க?"